முதலாளி வேஷம்

வெள்ளிமலை
6.1.2025

திரு. பகலவன் அவர்களுக்கு,

'அண்ணன்' என்று எழுதக் கை வரவில்லை. பதினோரு வருஷம் அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாய் இப்போது கூசுகிறது. உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். தடுக்காவிட்டாலும் இங்கே மலைமேல் டவர் கிடைக்காது. நான் சமைக்கிற விடுதிக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நின்றால் ஒரு புள்ளி வரும், பேச்சை எடுப்பதற்குள் போய்விடும். அதனால் எழுதி பஸ் கண்டக்டர் மாயவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதுவதானால் அவரிடமே கொடுங்கள். எழுதாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நேற்று அவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினீர்களாமே, "கோவம் தணிஞ்சிதுன்னா வரச் சொல்லுப்பா, கூட்டத்துல நிக்க ஒரு ஆளு கம்மியா இருக்குது" என்று. மாயவன் அதை அப்படியே சொன்னார், அடுப்படியில் நாலு பேர் இருக்கும்போது. மண்வெட்டி நாடகக் குழுவில் நான் கூட்டத்தில் நிற்கிற ஆளா?

'ஏற மாட்டேன்' நாடகம் யாருடைய கதை என்று உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஞாபகப்படுத்துகிறேன். கருணாபுரத்தில் சாலம்மாள் என்று ஒருத்தி. கரும்பு வெட்டப் போகிறவள். வெட்டு முடிந்ததும் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் மேலேயே வெட்டிய பெண்களையும் ஏற்றிக் கூட்டி வருவார்கள். ஒரு சாயங்காலம் கட்டு சரிந்து சாலம்மாளின் நாத்தனார் கீழே விழுந்து செத்தாள். மூன்றாம் நாள் காலையில் அதே டிராக்டர் தெருமுனையில் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். சாலம்மாள் மட்டும், "நான் ஏற மாட்டேன், நடந்தே வர்றேன்" என்று சொல்லி நடந்தாள். கரும்புக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலாளி ஒரு வார்த்தை சொன்னான். "ஆளு செத்தா வேற ஆளு வரும். கரும்பு காஞ்சா வேற கரும்பு வருமா?" அதையும் கேட்டுக்கொண்டு, அந்த வெட்டு முடிகிற வரைக்கும் தினமும் நடந்தாள்.

அவள் என் அம்மா. இருபத்து மூன்று வயதில் உங்கள் மொட்டை மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது நான்தான் அதைச் சொன்னேன். கேட்டு நீங்கள் அழுதீர்கள். "நீயே நடிம்மா, உன்னை விட்டா வேற யாரு நடிக்க முடியும்" என்றீர்கள். அன்றிலிருந்து எழுபது ஆட்டம் ஆடியிருக்கிறேன். காய்ச்சலோடு ஆடினேன். கல்யாணப் பேச்சு முறிந்த மறுநாள் ஆடினேன்.

இந்தத் தை மாசம் அதைப் புதுசாகப் பத்து ஊரில் போடப்போகிறோம் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதோடு நீங்கள் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு வார்த்தையையும் கொண்டுவந்தீர்கள். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டுகிற கொளஞ்சியம்மாளைக் கூட்டிவந்து என் வேஷத்தைக் கொடுத்தீர்கள். "நிஜமா உழைக்கிற உடம்பு மேடைக்கு வரட்டும்" என்றீர்கள். அப்போது என் உடம்பு என்ன உடம்பு? பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் மக்கள்தானே. செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தவளை நீங்கள்தான் கூப்பிட்டு, நிற்கவும் பேசவும் கற்றுக்கொடுத்து நடிகை ஆக்கினீர்கள். இப்போது நடிகை ஆகிவிட்டேன் என்பதே குற்றமாகிவிட்டது.

ஒத்திகையில் அந்தம்மாள் கரும்புக்கட்டு தூக்கும்போது முதுகைக் காட்டி நின்றாள். ஜனங்களுக்கு முகம் தெரியாது என்று சொன்னேன். அதில் என்ன தப்பு? எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் அம்மாவை என்னிடமிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்திருக்கிறீர்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தி மகள் கலையரசி சொல்லி இங்கே பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. குளிர் மட்டும்தான் ஜாஸ்தி. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

மணிமொழி


கள்ளக்குறிச்சி
10.1.2025

மணிமொழிக்கு,

உன் கடிதத்தை மாயவன் பஸ் ஸ்டாண்டில் வைத்து, நாலு பேர் பார்க்க, "சாரு, வெடிகுண்டு வந்திருக்குது" என்று கொடுத்தார். அடுப்படியில் உனக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டது. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்.

'கூட்டத்துல நிக்க' என்று சொன்னது தப்பு. வாய் தவறி வந்தது. அதற்கு வருந்துகிறேன். ஆனால் நீ எழுதியதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். மீதிப் பாதியை நான் எழுதுகிறேன்.

கொளஞ்சியம்மாள் ஒத்திகையில் ஒரு முட்டி போட்டு, கட்டைத் தொடையில் சாய்த்து, ஒரே எம்பில் தலைக்கு ஏற்றினாள். நீ எழுந்து போய், "இப்படித் தூக்கக் கூடாது" என்றாய். எப்படித் தூக்க வேண்டும் என்று செய்தும் காட்டினாய். மெதுவாக, கழுத்து நரம்பு தெரிய, கண் கலங்க. அவள் பார்த்துவிட்டு, "அம்மாடி, இப்பிடித் தூக்குனா கழுத்து ஒடிஞ்சிடுமே" என்றாள். அதற்குத்தான் சிரித்தோம். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். கேலி இல்லை. அதற்கு நீ சொன்னாயே ஒரு பதில், அதை ஏன் எழுதவில்லை? "கழுத்து ஒடிஞ்சாத்தான் நாடகம். இல்லன்னா கரும்புக்காட்டுக்கே போய்ச் சேரு."

இருபது வருஷமாகக் கட்டு சுமக்கிற ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. சொன்னது யாருடைய மகள்? சாலம்மாளின் மகள். அன்றைக்கு அவள் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "சாரு, அந்தப் பொண்ணு இன்னா நம்ம ஆளுதானா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள். மூன்று வருஷமாகவே உன் நடிப்பு சுத்தமாகிவிட்டது. அழுகை அதே இடத்தில் வருகிறது. குரல் அதே இடத்தில் உடைகிறது. உன் கை எப்போது உயரும் என்று மத்தளக்காரனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. முதல் ஆட்டத்தில் உனக்கு எதுவுமே தெரியாது. உன் கால் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குத்தான் ஜனங்கள் அழுதார்கள். அதைத்தான் நான் மறுபடியும் தேடுகிறேன். இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லாமல் போனது. 'மக்கள் பங்கேற்பு' என்று சொல்லிச் சமாளித்தேன் என்று நீ நினைத்தால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

முதல் ஆட்டம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கொளஞ்சியம்மாளின் ஊரிலேயே. ஊரே ஆர்வமாக இருக்கிறது. பச்சமுத்து என்று ஒரு பெரிய விவசாயி தன் களத்தைக் கொடுக்கிறார். ஜெனரேட்டர், நாற்காலி, பந்தல் எல்லாம் அவர் ஏற்பாடு. தோட்டத்து முதலாளி வேஷத்தை நானே போடுகிறேன்.

வருவதென்றால் வா. வேஷத்துக்காக வராதே, வேலைக்காக வா.

பகலவன்


வெள்ளிமலை
17.1.2025

திரு. பகலவன் அவர்களுக்கு,

அந்த வார்த்தையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்பேன். உங்களிடம் கேட்க மாட்டேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் போனேன், எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் ஒரு கரும்புக்கட்டைக் கொடுத்து, நான் தூக்குகிற மாதிரி தூக்கிக் காட்டி, சரியா என்று கேட்டேன். அம்மா சிரிக்கிறார். "இத்தினி வருசமா அப்பிடித்தான தூக்கிக்கினு இருந்த? பாத்துக்கினுதான் இருந்தேன். நாடகம்னா அப்பிடித்தான் போலன்னு வுட்டுட்டேன்" என்கிறார். எழுபது ஆட்டம் தப்பாகத் தூக்கியிருக்கிறேன். அதுவும் என் அம்மா வேஷத்தில். கொளஞ்சியம்மாள் தூக்குவதுதான் சரி. முழுசாக முதுகைக் காட்டாமல் அரைவட்டம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், அது போதும். முட்டி போடுவது முன்வரிசைக்குத் தெரிய வேண்டும்.

என் அழுகை பற்றி எழுதியது இரண்டு நாள் என்னைத் தின்றது. மூன்று வருஷமாகத் தெரிந்தவர் மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறீர்கள். குழம்பில் உப்பு இல்லை என்று எங்கள் விடுதிப் பிள்ளைகள் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் பச்சமுத்து என்று ஒரு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை நாலு தடவை படித்தேன். கொளஞ்சியம்மாள் யார் காட்டில் வெட்டுகிறாள்? நீங்கள் எழுதவில்லை. நான் மாயவனைக் கேட்டேன், அவருக்கு அந்த ஊரில் பெண் எடுத்த உறவு இருக்கிறது. அவள் பச்சமுத்து காட்டில்தான் வெட்டுகிறாளாம். அவளோடு சேர்ந்து ஏழு பெண்கள் ஒரே செட்டாக அங்கேதான் வெட்டுகிறார்களாம். அவர்களை ஏற்றிக்கொண்டு வருவதும் பச்சமுத்துவின் டிரெய்லர்தானாம், கரும்பின் மேலேயே.

உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? டிரெய்லரில் ஆள் ஏற்றுகிற முதலாளியின் களத்தில், அவன் போட்ட பந்தலில், அவன் கூலிக்கு வெட்டுகிற பெண்ணை நிறுத்தி, 'ஏற மாட்டேன்' என்று சொல்லவைக்கப் போகிறீர்கள். நாடகம் முடிந்ததும் நீங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்துவீர்கள். நானாக இருந்தால் புடவையை மாற்றிக்கொண்டு கடைசி பஸ் ஏறியிருப்பேன். அவள் எங்கே போவாள்? திங்கட்கிழமை காலையில் அதே காட்டில் போய்க் குனிய வேண்டும்.

நடிகர்கள் என்று சிலர் எதற்கு இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவள் நிற்க முடியாத இடத்தில் அவளுக்குப் பதில் போய் நிற்கத்தான் இருக்கிறோம். எங்கள் தெருவில் சாராயச் சாவு நடந்தபோது கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஒருத்தன் எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம், "இயல்பா அழுங்க" என்றான். துடைப்பத்தை எடுத்தேன். நிஜமான ஆள், நிஜமான கண்ணீர் என்று நீங்கள் அலைவதைப் பார்த்தால் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது.

களத்தை மாற்றுங்கள். இல்லை, ஆளை மாற்றுங்கள். எனக்கு வேஷம் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்கே அது முழுசாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மணிமொழி


கள்ளக்குறிச்சி
28.1.2025

மணிமொழிக்கு,

ஆட்டம் நல்லபடியாக முடிந்தது. நீ பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை.

நானூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். பெண்கள்தான் ஜாஸ்தி. கொளஞ்சியம்மாள் கட்டு தூக்கியபோது யாரோ விசில் அடித்தார்கள். நீ சொன்ன மாதிரி அரைவட்டம் திரும்பி நிற்கச் சொன்னேன், பார்க்க அழகாக இருந்தது. சும்மாடு கட்டும்போது மேடையை மறந்துவிட்டு, முந்தானையை உதறி, கையிலிருந்த அரிவாளைப் பக்கத்தில் இருந்தவளிடம் "இந்தா இதப் புடி" என்று கொடுத்தாள். எழுதாத வசனம் அது. நான் இத்தனை வருஷமாகத் தேடியது அதுதான்.

பச்சமுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போனார். இடத்துக்கு ஏற்ற மாதிரி வசனத்தில் சின்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. அது எல்லா ஆட்டத்திலும் உள்ளதுதான்.

அடுத்த ஆட்டம் இரண்டாம் தேதி. நேற்று ஒத்திகைக்குக் கொளஞ்சியம்மாள் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ. போன் எடுக்கவில்லை.

நீ சொன்ன களத்து விஷயத்தை யோசிக்கத்தான் செய்தேன். கடைசி நேரத்தில் இடம் மாற்ற முடியவில்லை. நல்ல மனிதர், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

பகலவன்


வெள்ளிமலை
1.2.2025

பகலவன் சார்,

அண்ணனும் இல்லை, திருவும் இல்லை. இனிமேல் சார்.

சின்ன மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வசனத்தில்? நீங்கள் எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா? மாயவனின் மச்சான் பொண்டாட்டி அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். "முதலாளியா வந்த ஆளு கடசியில இன்னாத்துக்கோ முழிச்சிக்கினு நின்னாரு, அந்தம்மாதான் அவுரு வசனத்தையும் சேத்து சொல்லிச்சி" என்றாளாம். மாயவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்கே என் மேல் பயம் வந்துவிட்டது, நேரம் ஆவதற்கு முன்னாலேயே விசில் அடித்து பஸ்ஸைக் கிளப்பிவிட்டார்.

அங்கே என்ன நடந்தது? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 'இடத்துக்கு ஏற்ற மாதிரி' என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன். அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

மணிமொழி


கள்ளக்குறிச்சி
5.2.2025

மணிமொழி,

எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பச்சமுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். "நல்ல காரியம் செய்றீங்க சாரு. நம்ம ஜனங்க பாக்கறாங்க, பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க, ரெண்டு வார்த்தை பாத்துப் பேசுங்க" என்றார். மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும்.

மறுநாள் மேடையில் அந்த இடம் வந்தது. கொளஞ்சியம்மாள் நடந்து வந்து என் முன்னால் நிற்கிறாள். நான் சொல்ல வேண்டியது உனக்குத் தெரியும். முன்வரிசையில் பச்சமுத்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "சரிம்மா, லேட்டானா பரவால்ல, பாத்து வாங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

அடுத்தது அவள் வசனம். "இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு." நான் நல்லவனாகப் பேசியபிறகு அதை எப்படிச் சொல்வாள்? சொன்னால் அவள்தான் திமிர் பிடித்தவளாகத் தெரிவாள். நின்றாள். என்னையே பார்த்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும், மத்தளம்கூட நின்றுவிட்டது. நான் கண்ணாலேயே, அடுத்த காட்சிக்குப் போ என்று சைகை காட்டினேன்.

அவள் போகவில்லை. "சாரு, சொல்ல மாட்டியா? சரி, நானே சொல்றேன்" என்றாள். என் பக்கம் முதுகைத் திருப்பினாள். ஜனங்களைப் பார்த்து, இல்லை, முன்வரிசையைப் பார்த்து நின்று, "ஆளு செத்தா வேற ஆளு வரும். கரும்பு காஞ்சா வேற கரும்பு வருமா?" என்று முழுசாகச் சொன்னாள். அப்புறம், "இதான சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டல் இல்லை, வேறு ஏதோ. பச்சமுத்து எழுந்து போனார்.

திங்கட்கிழமை அவள் செட்டை வெட்டுக்குக் கூப்பிடவில்லை. ஏழு பேரும் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்துக் காடுகளிலும் சொல்லிவைத்திருப்பதாகத் தெரிகிறது. நான் பச்சமுத்துவைப் பார்க்கப் போனேன். "நான் இன்னா சாரு பண்ணேன்? எனக்கு இப்ப ஆளு தேவயில்ல, அவ்ளோதான்" என்று சொல்லி, மறுபடியும் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் திட்ட வசதியாக இருக்கும்.

இருபத்தைந்து வருஷமாக நாடகம் போடுகிறேன். பயப்படாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வசனம், பத்தே வார்த்தை. அந்த இடத்தில் விழுங்கினேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. உன் மேலும் கோபமாக இருக்கிறது. நீ அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் பயந்தாவது சொல்லியிருப்பேன்.

நீ சொன்னதுதான் சரி. அவளை இனி மேடையில் நிறுத்த வேண்டாம். இரண்டாம் தேதி ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். அடுத்தது பதினாறாம் தேதி, உங்கள் கருணாபுரத்தில். மீதி ஒன்பது ஊருக்கும் வேஷத்தை நீ எடுத்துக்கொள். கொஞ்ச நாள் அவள் ஒதுங்கியிருந்தால் பச்சமுத்து மனசு மாறும், வேலையும் கிடைக்கும். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ வந்ததும் சேர்ந்து போய்ச் சொல்வோம்.

பகலவன்


வெள்ளிமலை
10.2.2025

பகலவன் சார்,

கடிதம் வந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன் என்று சொன்னால் பாதி பொய். வேஷம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று உள்ளே ஒரு சந்தோஷம் குதித்தது. ஏழு பெண்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்குச் சந்தோஷம். அந்தக் கழிசடை மனசை என்ன செய்வது என்று தெரியாமல் விடியும்வரை கிடந்தேன். விடிந்ததும் மாயவனிடம் அவளுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினேன். 'அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கீழே வரும்போது வீட்டுக்கு வருகிறேன், இனி நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், வேஷத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தேன்.

நான் போக வேண்டியிருக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானப் பஸ்ஸில் அவளே இறங்கினாள். மலைப்பாதையில் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பிவிட்டு, என் சீட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"யாரு எழுதுனது இது?"

"நான்தாங்க்கா."

"கஸ்டப்பட வேணாம்னு எழுதியிருக்கிற. நான் கஸ்டப்படறேன்னு உன்னாண்ட சொன்னனா?"

நான் அந்த ஒத்திகை வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு. அன்னிக்கே மறந்துட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம் நான் உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தால் வேலை திரும்பக் கிடைக்கும், சாரும் அப்படித்தான் நினைக்கிறார் என்றேன். சார், அவளுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் காகிதத்தில் கோபப்பட்டதெல்லாம் கோபமே இல்லை.

"வேலதான் போச்சு. வேசத்தையும் புடுங்கிக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா? பச்சமுத்து என்னக் கேக்காம வேலய வுட்டுத் தூக்கினான். நீங்க என்னக் கேக்காம மேடய வுட்டுத் தூக்கறீங்க. அவனுக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம்? நானு ஒண்ணும் தெரியாம அந்த வார்த்தயச் சொல்லல. வேல போவும்னு தெரிஞ்சிதான் சொன்னேன். எங்க செட்டுல ஆறு பேரையும் முன்னாடியே கேட்டுக்கினுதான் மேடை ஏறுனேன். அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? ஒருத்தியாவது அவன் மூஞ்சிக்கி நேரா சொல்லுடின்னு சொன்னாங்க. சாரு சொல்லுவாரு, நானு பதில் குடுப்பன்னு நெனச்சிக்கினு நின்னேன். அவுரு இன்னாடான்னா நல்லவராயிட்டாரு."

வேலைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். ஏழு பேரும் சின்னசேலம் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போகிறார்களாம், பஸ்ஸில். கூலி கம்மிதானாம். "டிரெய்லர்ல ஏறல இல்ல, அது போதும் இப்பத்திக்கி" என்றாள்.

அவள் நிற்க முடியாத இடத்தில் நான் போய் நிற்பேன் என்று உங்களுக்குப் பெரிசாக எழுதினேன். அவள் நின்றாள். விட்டுவிட்டு ஓடியது நாம்தான். நான் ரோஷத்தோடு மலைக்கு ஓடினேன், நீங்கள் மேடைமேல் நின்றுகொண்டே ஓடினீர்கள். அவளுக்காக நாம் பேச வேண்டியதில்லை. எதிரே நின்று அந்த வசனத்தை முழுசாகச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால், அவள் தன் வசனத்தைச் சொல்லியிருப்பாள். அவ்வளவுதான் அவள் நம்மிடம் எதிர்பார்த்தது.

அதையே அவளும் கேட்டாள். "நீ நல்லா நடிப்பியாமே. அந்த மொதலாளி வேசத்தப் போடேன். எனக்கு எதிர நிக்க ஒரு ஆளு வேணும். அந்த சாரு பயந்துக்கினு கீறாரு."

முதலில் முடியாது என்றேன். எங்கம்மாவிடம் சொன்ன வார்த்தை அது. அதை என் வாயால் எப்படிச் சொல்வது? பதினோரு வருஷம் அந்த வார்த்தையை வாங்கிக்கொள்கிற இடத்தில் நின்றவள் நான். அதற்கு அவள், "நீ வாங்கிக்கினது போதும். கரும்புக்கட்டு தப்பாத்தான் தூக்குன, அவனையாவது சரியா செய்யி" என்றாள். சிரிக்கவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் மலை இறங்கிப் போய்விட்டாள்.

அதனால் முதலாளி வேஷத்தை நான் போடுகிறேன். உங்களைக் கேட்கவில்லை, சொல்கிறேன். பெண் எப்படி முதலாளி வேஷம் போடுவது என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் மத்தளத்தின் பக்கத்தில் உட்காருங்கள். பச்சமுத்து மாதிரி கால்மேல் கால் போடுவதையும் டீயை நீட்டிக்கொண்டே சிரிப்பதையும் மட்டும் எனக்குக் காட்டிக்கொடுங்கள், அதை நீங்கள் கிட்டத்திலிருந்து இரண்டு தடவை பார்த்திருக்கிறீர்கள். என் அழுகை பற்றி இனிக் கவலை வேண்டாம், இந்த வேஷத்தில் அழ வேண்டியதில்லை. கருணாபுரம் முடிந்ததும் மறுபடியும் கச்சிராயபாளையம் பக்கம் ஒரு ஆட்டம் போட வேண்டும். பச்சமுத்துவின் களம் வேண்டாம், ரோட்டிலேயே போடுவோம். உங்களுக்கு வர முடியாவிட்டால் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

கருணாபுரத்தில் எங்கம்மா முன்னால்தான் உட்காருவார். எழுபது ஆட்டத்தில் பாதிக்கு மேல் அவர் பார்த்தது, மகள் தன் வேஷத்தில் நிற்பதை. இந்தத் தடவை எதிர்ப்பக்கத்தில் நிற்பதைப் பார்க்கப்போகிறார். அதனால் இன்று காலையில் பாறைமேல் ஏறி நின்று போன் போட்டேன். மூன்று தடவை விட்டுப்போய், நாலாவது தடவை கிடைத்தது. அம்மா, அன்றைக்கு அவன் உன்னைச் சொன்னதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, உன் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"சொல்லு" என்றார். "நாடகத்துல நான் எதுத்துக் கேட்ட மாதிரி வருதே, அதெல்லாம் உங்க சாரு எழுதுனது. அன்னிக்கி அவன் சொன்னப்ப நான் வாயே தொறக்கல. தலயக் குனிஞ்சிக்கினு நின்னேன். நீ சத்தமா சொல்லு. இந்த வாட்டி நிமிந்து கேக்கறேன்."

மணிமொழி